சூரைச்செடியின் கீழ்



ராஸ் அல் கைமாவில் நர்ஸ் வேலை பார்க்கும் நாங்கள் 12 மணி நேர நைட் டியூட்டி முடிந்து அறைக்கு வந்தாலும் மனசு வார்டிலேயே நிற்கும். போனை எடுத்தால் ஊர்க் கடன். தூக்கம் வராதபோது, விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று எங்களையே குற்றப்படுத்திக்கொள்கிறோம்.

1 இராஜாக்கள் 19-ஐ வாசியுங்கள். யேசபேலின் மிரட்டலுக்குத் தப்பி ஓடிய எலியா, செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்டார். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், திரும்பத் தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான்.

இந்த நாட்டில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். உடலுக்கு ஓர் அளவு உண்டு என்று அரசாங்கமே ஒத்துக்கொள்கிறது. ஓய்வெடுக்க நாம் மட்டும் ஏன் வெட்கப்படுகிறோம்?

ஆகவே டியூட்டி முடிந்ததும் சாப்பிடுங்கள், போனைத் தள்ளி வையுங்கள், திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குங்கள். எழுந்தபின் நிதானமாக ஜெபிக்கலாம். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தாலோ, வாழ்ந்தது போதும் என்று தோன்றினாலோ, தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். கூட இருப்பவரிடமும் சொல்லுங்கள். எலியாவுக்கும் துணையாகக் கர்த்தர் ஓர் எலிசாவைக் கொடுத்தாரே!