ஆடியில்லாக் கமராவும் அதற்கேற்ற வில்லையும்

புதிதாகக் கமரா வாங்க எண்ணும் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, "எந்தக் கம்பனியின் கமரா நல்லது?" என்பதாகும். கல்லூரி மாணவரும் இதையே கேட்கின்றனர். அவர்தம் தந்தையரும் இதையே கேட்கின்றனர். நம் எண்ணத்தில் இது பின்னரே கேட்கப்படவேண்டிய கேள்வி. "நாம் எதனைப் படம் பிடிக்கப் போகின்றோம்?" என்பதே முதலாவது. அதற்கு விடை கண்டால் எந்த வில்லை வேண்டும் என்பது தெரிந்துவிடும்; வில்லை தெரிந்தபின் கமராவைத் தெரிவு செய்வது எளிதாகும். பெருந்தொகை செலவாகும் காரியமாகையால், இவ்வாரம் இது குறித்துச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கடைகளில் இப்பொழுது முன்வரிசையில் வீற்றிருப்பவை "மிரர்லெஸ்" என்று சொல்லப்படும் ஆடியில்லாக் கமராக்கள். இல்லாத ஒன்றைக் கொண்டு ஒரு பொருளுக்குப் பெயரிடுவது விசித்திரமே. அந்த ஆடி யாது, அது எங்கே இருந்தது, ஏன் நீங்கியது என்பனவற்றை அறிந்தாலன்றி இப்பெயர் விளங்காது.

ஆடி செய்த வேலை

ஒளி வில்லையினூடாகக் கமராவினுள்ளே புகுகின்றது. பின்புறத்திலே முன்னாளிற் படச்சுருளும், இந்நாளில் ஒளியுணரியும் அமர்ந்திருக்கும். வில்லை காணும் காட்சியைப் படம் பிடிப்பவர் தாமும் காணவேண்டுமாயின், அவ்வொளியை இடையிலே மறித்து அவருடைய கண்ணுக்குத் திருப்பவேண்டும். இதற்காகவே 45 பாகைச் சாய்வில் ஒரு தளவாடியை வைத்தார்கள். ஆடியிற் பட்ட ஒளி மேற்சென்று, பிற்காலக் கமராக்களில் ஐங்கோண அரியம் ஒன்றினுள் தெறித்து, கண்ணை வந்தடையும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழும், ஷட்டர் திறக்கும், படம் பதியும். பழைய கமராக்களில் நாம் கேட்ட ஓசையிற் பெரும்பங்கு இந்த ஆடியினுடையதே.

35 மி.மீ. படச்சுருளுக்கான இவ்வகைக் கமராவாக எக்சக்டா 1936 இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்தது. படம் பதிந்தவுடன் ஆடி தானே கீழிறங்கும் வசதி ஜப்பானிய அசாஹிபிளெக்ஸ் கமராவில் 1954 இல் வந்தது. 1959 இல் நிக்கொன் எவ் வெளிவந்தபின், பத்திரிகைப் படப்பிடிப்பாளர் பலரின் கைகளில் இவ்வகையே நிலைபெற்றது.

ஆடியின்றிப் படம் பிடித்தல் புதுமையன்று. 1925 இல் விற்பனைக்கு வந்த லைக்காவில் ஆடி இருக்கவில்லை. வில்லைக்கு மேலே தனியாக அமைந்த சிறு துளையினூடாகவே பார்ப்பார்கள். நம் நாட்டுப் புகைப்படக் கலைக்குப் பெருமை தேடித் தந்தவரும், கொழும்பில் ஓர் அரங்கிற்குப் பெயராக விளங்குபவருமான லயனல் வென்ட் (1900–1944) கையாண்ட கமராக்களில் லைக்காவும் ஒன்று. ஆயின், துளை காண்பதும் வில்லை காண்பதும் முற்றிலும் ஒன்றல்ல. இக்குறையை இன்றைய கமரா வேறு வழியால் தீர்த்துக் கொண்டது. ஒளியுணரி எந்நேரமும் காட்சியைப் படித்து, நோக்குதுளையினுள் இருக்கும் சிறு மின்திரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. எனவே ஆடிக்கு வேலையில்லாது போயிற்று. 2008 இல் பனசோனிக் கம்பனியின் ஜி-1 இவ்வழியைத் தொடக்கி வைத்தது. 2013 இல் சோனியின் ஏ-7, பழைய படச்சுருட் சட்டத்தின் அளவான 36×24 மி.மீ. ஒளியுணரியுடன் வந்தது. 2018 இல் கனனும் நிக்கொனும் அவ்வளவிலான ஆடியில்லாக் கமராக்களை வெளியிட்டன.

கண்ணைப் பழக்குதல்

பழைய கமராவைக் கையாண்டவர்கள் புதியதைக் கையிலெடுத்ததும் சிறிது தடுமாறுவார்கள். அன்று அவர்கள் கண்டது உலகத்தை. இன்று காண்பது படத்தை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அம்மாற்றம் நோக்குதுளையில் உடனே தெரிகின்றது. யன்னலுக்கு எதிரே அமர்ந்திருக்கும் அம்மம்மாவின் முகம் கறுத்துப்போகுமா என்பதை, படம் பிடித்துப் பார்த்துத்தான் அறியவேண்டும் என்றில்லை. ஒளியளவின் பாடத்தை இவ்வளவு விரைவாகக் கற்பிக்கும் ஆசிரியர் முன்னர் இருந்ததில்லை எனலாம்.

எனினும் நான்கு விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும்.

முதலாவது, திரையின் பிரகாசத்தை முற்றாக நம்பலாகாது. உச்சி வெயிலில் அது மங்கலாகத் தோன்றும். இரவிற் கண் கூசும். திரையின் ஓரத்தில் மலைத்தொடர்போற் காட்டக்கூடிய ஒளிப்பரம்பல் வரைபைப் பார்த்துப் பழகினால் ஏமாற்றம் இராது. மலை வலப்புறச் சுவரில் முட்டி நின்றால் வெண்மையான பகுதிகள் விவரமின்றி வெளிறிவிட்டன என்று கொள்க.

இரண்டாவது, மின்கலம். திரையும் உணரியும் இடையறாது இயங்குவதால் மின்சாரம் விரைவாகச் செலவாகின்றது. ஆடியுள்ள நிக்கொன் டி-850 (2017) கமராவின் மின்கலம் ஒரு தடவை மின்னேற்றினால் 1,840 படங்களுக்குப் போதும் என்று கம்பனி கணித்திருந்தது. மறு ஆண்டில் வந்த ஆடியில்லாத இசட்-7 கமராவுக்கு அது தந்த கணக்கு 330. நடைமுறையில் கூடுதலாகவே எடுக்கலாம்; ஆயினும் கலியாண வீட்டுக்குச் செல்பவர் மேலதிக மின்கலம் ஒன்றேனும் கொண்டு செல்வது அவசியம்.

மூன்றாவது, ஓசையற்ற மின்ஷட்டர். பரதநாட்டிய அரங்கேற்றத்திலும் இசைக் கச்சேரியிலும் பிறருக்கு இடையூறின்றிப் படம் பிடிக்க இது பெரிதும் உதவும். ஆனால் இம்முறையில் பல கமராக்கள் காட்சியை ஒரே கணத்திற் பதியாமல் வரிவரியாகப் படிக்கின்றன. வேகமாக வீசும் கை வளைந்து தோன்றலாம், எல்.ஈ.டி. விளக்கொளியிற் படத்தின் குறுக்கே பட்டைகள் விழலாம். அசைவு மிகுந்த இடங்களில் வழக்கமான ஷட்டரே சிறந்தது.

நான்காவது, தூசி. வில்லையைக் கழற்றியவுடன் முன்னே நிற்க ஆடி இல்லை. பல கமராக்களில் ஒளியுணரி வெளியே தெரியும். ஆகையால் கமராவின் வாய் நிலத்தை நோக்கியிருக்க, காற்று வீசாத இடத்தில், விரைவாக வில்லையை மாற்றுக.

எந்த வில்லை?

வில்லையின் மேல் மி.மீ. கணக்கிற் பொறிக்கப்பட்டிருப்பது குவியத் தூரம். எண் சிறிதாயிற் காட்சி அகலும். பெரிதாயிற் காட்சி குறுகித் தூரத்துப் பொருள் அண்மையில் வரும். ஆனால் இவ்வெண்ணை ஒளியுணரியின் அளவோடு சேர்த்தே படிக்கவேண்டும். 36×24 மி.மீ. உணரியில் 50 மி.மீ. வில்லை இயல்பான காட்சியைத் தரும். ஏறக்குறைய 23.5×15.6 மி.மீ. அளவுள்ள நடுத்தர உணரியில் அதே காட்சியைப் பெற 33 அல்லது 35 மி.மீ. வேண்டும், 17.3×13 மி.மீ. உணரியில் 25 மி.மீ. போதும். நண்பரிடம் உள்ள 50 மி.மீ. வில்லையின் படம் அழகாயிருந்தது என்று கண்டு, நடுத்தர உணரியுள்ள கமராவுக்கு அதையே வாங்கினால், சிறிய அறையிற் குடும்பத்தினர் அனைவரையும் சட்டத்தினுள் அடக்க இயலாமல் முதுகு சுவரில் முட்டும்.

மற்றைய எண் துவாரத்தைக் குறிப்பது. 1.4, 2, 2.8, 4, 5.6, 8 என்று செல்லும் இவ்வரிசையில் ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகக் குறைகின்றது. கமராவோடு சேர்த்து மலிவாக விற்கப்படும் சூம் வில்லைகள் பல, நீட்டிய நிலையில் 5.6 அளவிலோ அதனிலும் சிறிதாகவோதான் திறக்கும். 1.8 துவாரமுள்ள வில்லை அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். 5.6 ஐ 1.8 ஆற் பிரித்து, வருவதை அதனாலேயே பெருக்கி மாணவர்கள் இதைச் சரிபார்க்கலாம். மேடையில் 1/20 செக்கன் தேவைப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 1/200 செக்கனிற் படம் பிடிக்கலாம். ஆடுபவரின் அபிநயம் கலங்காது நிற்கும். கமராவினுள் அமைந்த நடுக்கந் தணிக்கும் பொறி இதற்கு ஈடாகாது. அது நம் கையின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றி, ஆடுபவரின் காலை நிறுத்தாது.

ஆதலின் நாம் கூறும் வழி இது. சேர்த்து விற்கப்படும் சூம் வில்லையுடன் தொடங்குக. இரண்டு மூன்று மாதம் வேறொன்றும் வாங்கவேண்டாம். ஒவ்வொரு படத்தோடும் அது எந்தக் குவியத் தூரத்தில், எந்தத் துவாரத்திற் பிடிக்கப்பட்டது என்ற விபரமும் பதிவாகியிருக்கும். தமக்குப் பிடித்த நூறு படங்களைத் தெரிந்து, அவற்றின் குவியத் தூரங்களை ஒரு கொப்பியில் எழுதிப் பார்க்குக. பெரும்பாலானவை 35 ஐ அண்டி நின்றால் அங்கே 1.8 துவாரமுள்ள ஒற்றைத் தூர வில்லை ஒன்று பயன்தரும். மன்னார்க் கரைக்கு வரும் பூநாரைகளையே நாடுபவர்க்கு 300 மி.மீ. இற்குக் குறைந்தது மனநிறைவு தராது. தேர்த்திருவிழாக் கூட்டத்தின் நடுவே நிற்பவர்க்கு அகன்ற வில்லையே துணை. எல்லாவற்றையும் ஒருங்கே செய்யும் வில்லை என்று கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் ஒளி குறைந்ததாகவே இருக்கும்.

இன்னொன்றும் கருதுக. கமராவின் உடல் சில ஆண்டுகளிற் பழையதாகின்றது. நல்ல வில்லையோ, கமரா மாறினும் அதே பொருத்துவாயில் தொடர்ந்து பணி செய்யும். பணம் அளவோடு இருப்பவர், உடலிற் சிக்கனமாகவும் வில்லையில் தாராளமாகவும் இருப்பதே விவேகம்.

பழைய வில்லைகள்

ஆடி நீங்கியதால் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. நிக்கொனின் பழைய எவ் வகைப் பொருத்துவாயிலிருந்து படம் விழும் தளம் வரை 46.5 மி.மீ. தூரம், ஆடி மேலெழ அவ்விடம் வேண்டியிருந்தது. புதிய இசட் வகையில் அது 16 மி.மீ. மாத்திரமே. இடைவெளியான 30.5 மி.மீ. ஐ நிரப்ப, கண்ணாடி எதுவுமற்ற வெறும் வளையம் ஒன்று போதும். மாமாவின் அலுமாரியில் உறங்கும் பழைய வில்லை, கையாற் குவியப்படுத்தும் பொறுமை உள்ளவர்க்கு மீண்டும் பயன்படும். காட்சியின் ஒரு பகுதியை நோக்குதுளையிற் பெருக்கிப் பார்க்கும் வசதி இருப்பதால், கூர்மையை முன்னிலும் நுட்பமாகச் சரிசெய்யலாம்.

வாங்குமுன், வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். சிலந்தி வலைபோல் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். நம் நாட்டின் ஈரக்காற்றில் இதுவே வில்லைகளின் பெரும்பகை. தோற்பைக்குள் மாதக்கணக்கிற் பூட்டி வைத்தலாகாது. காற்றுப்புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்து, அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துக.

வீட்டில் காத்திருக்கும் வேலை

எதனைப் படம் பிடிப்பது என்ற கேள்விக்கு நம்மவர் வீடுகள் பலவற்றில் ஒரு விடை ஏற்கெனவே காத்திருக்கின்றது. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோதும், 2004 இல் ஆழிப்பேரலை வந்தபோதும், 2009 வரை வன்னியிற் போர் நடந்தபோதும் எத்தனையோ குடும்பங்கள் தம் படத் தொகுதிகளை இழந்தன. பாட்டனாரின் ஒரே படம் இன்று ஒரு பெரியம்மாவின் வீட்டுச் சுவரில் மாத்திரம் இருக்கலாம். அது மங்கிக்கொண்டே போகின்றது. அதனினும் விரைவாக மறைவது வேறொன்று: படத்தில் நிற்பவர் யார் யார் என்ற அறிவு. அதனை அறிந்தவர் குடும்பத்தில் ஒருவரோ இருவரோதான். அவர்களுக்கும் வயது எண்பதைக் கடந்திருக்கும்.

இவ்வேலைக்கு ஆடியில்லாக் கமரா மிகவும் ஏற்றது. படத்தைச் சட்டத்திலிருந்து மெதுவாக எடுத்து, நேர் வெயில் படாத யன்னலோரத்து மேசையில் வைக்குக. கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் உரிக்க முயலாது அவ்வண்ணமே பிடிக்கலாம். கமராவைத் தாங்கியிற் பொருத்தி, படத்துக்கு நேர் மேலே சமாந்தரமாக நிறுத்துக. சாய்க்கக்கூடிய திரை இருந்தால் ஏணி தேவையில்லை. அகன்ற வில்லை ஓரங்களை வளைக்கும். இயல்பான காட்சி தரும் வில்லையே வேண்டும். துவாரம் 8. மின்னொளி வேண்டாம், அது பளபளப்பான தாளிற் பட்டுத் தெறிக்கும். காட்சியைப் பெருக்கி, படத்திலுள்ள ஒரு கண்ணின்மீது குவியப்படுத்தி, 2 செக்கன் தாமதம் வைத்து அழுத்துக.

படச்சுருளின் நெகட்டிவ்கள் எஞ்சியிருப்பின் இன்னும் நல்லது. பொருளை அதன் அளவிலேயே பதிக்கவல்ல மக்ரோ வில்லை இருந்தால், 36×24 மி.மீ. நெகட்டிவ் அதே அளவான உணரியை முற்றாக நிரப்பும். வெண்ணொளிப் பலகையின் மேல் வைத்துப் பிடித்து, கணினியிற் கறுப்பு வெள்ளையைத் திருப்பிக் கொள்ளலாம்.

பின்னர் முதியவரை அருகில் இருத்தி, ஒவ்வொரு முகமாகக் காட்டிப் பெயர், ஊர், உறவுமுறை ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். பிரதியை ஓரிடத்தில் மாத்திரம் வைக்காது, உறவினர் இருவர் மூவருக்கேனும் கொடுத்து வைத்தல் நன்று. இவ்வேலை முடிந்ததும், அதே வில்லையால், அதே யன்னலொளியில், அம்முதியவரையும் ஒரு படம் பிடித்துக்கொள்ளுமாறு மாணவ அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். புதிய கமராவின் பெறுமதியை அந்தப் படமே சொல்லும்.