சித்தன்னவாசல் வரை சைக்கிளில் போங்க. ஆனா அந்த ரோட்டைப் பற்றியும் கொஞ்சம் பேசணும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடிச்சுக்கிட்டே பொறுமையா படிங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, சும்மா தான், என் ரத்தத்தைக் கொடுத்து ஹெச்பிஏ1சி பார்த்தேன். 6.1 வந்தது. 5.7ல இருந்து 6.4 வரைக்கும் ப்ரீ டயாபடிஸ். அதாவது சர்க்கரை நோய் வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு நிக்குது. அப்போ எனக்கு வயசு 33.

ஓபியில தினமும் "நடங்க, உடம்பை அசைங்க" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். வெட்கமா தான் இருந்தது.

நடைப்பயிற்சி எனக்கு ஒத்து வரல. நாலு நாள் போவேன், அஞ்சாம் நாள் நைட் டூட்டி, அதோட சரி. அப்புறம் தான் வீட்டு மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்து நின்ற சைக்கிள் கண்ணில் பட்டது. தம்பி பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள். டயர், ட்யூப், பிரேக் கட்டை மாத்தி, செயினுக்கு எண்ணெய் போட்டு எடுத்தேன். உங்க வீட்லயும் ஒண்ணு அப்படி நிக்கும், போய்ப் பாருங்க. கியர் சைக்கிள் எல்லாம் ஆறு மாசம் ஓட்டின பிறகு யோசிக்கலாம்.

நான் இருப்பது புதுக்கோட்டை மாவட்டம். சைக்கிள் ஓட்ட இதை விட நல்ல ஊர் தமிழ்நாட்டில் குறைவு என்பது என் கட்சி. மலைப் பாதையும் இல்லை, காவிரி டெல்டா மாதிரி ஒரே சமதளமும் இல்லை. செம்மண் மேடு, அதுல ஒரு இறக்கம், இறக்கத்துல ஒரு கண்மாய், திரும்ப ஒரு ஏத்தம். நடுநடுவே யானை படுத்திருக்கிற மாதிரி மொட்டைப் பாறை. அந்தப் பாறை ஒவ்வொன்றிலும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ எதையோ செதுக்கி வெச்சிருக்காங்க.

என்னோட ஞாயிற்றுக்கிழமை ரூட் சொல்றேன். விடியற்காலை அஞ்சரைக்குப் புதுக்கோட்டையில் கிளம்பி அன்னவாசல் ரோட்டைப் பிடிச்சா சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். அங்கிருந்து அன்னவாசல் ஊருக்குள் போய், தென்மேற்கே திரும்பினா குடுமியான்மலை. அப்படியே சுத்தி ஊர் திரும்பினா மொத்தம் 45 கிலோமீட்டர் பக்கம் வரும். வெயில் ஏறுவதற்குள் வீடு.

சித்தன்னவாசல்னா எல்லாரும் ஓவியத்தைத் தான் சொல்வாங்க. அறிவர் கோயில் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் துறவி. கிபி 9ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். பார்க்கணும் தான். ஆனா எனக்குப் பிடிச்சது மலை மேலே இருக்கும் ஏழடிப்பட்டம். சமணத் துறவிகள் படுக்கச் செதுக்கிய வழுவழுப்பான 17 கல் படுக்கைகள். அதில் ஒன்றின் பக்கத்தில் இருக்கும் தமிழ் பிராமி எழுத்து கிறிஸ்து பிறப்பதற்கும் முந்தையது. கார்ல வந்து ஏசியில இருந்து இறங்கிப் பார்க்கிறவங்களை விட, 16 கிலோமீட்டர் மிதிச்சு, வேர்த்து, தொடை நடுங்க மேலே ஏறினவனுக்கு அந்தக் கல்லோட குளிர்ச்சி நல்லாவே புரியும். (படுத்துப் பார்க்காதீங்க. தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம்.)

குடுமியான்மலையில் கோயிலுக்குப் பின்னால் பாறையில் ஒரு பெரிய கல்வெட்டு. கிரந்த எழுத்து. என்ன எழுதியிருக்குன்னா, பாட்டுப் பயிற்சி! ஏழு பண்களுக்கான ஸ்வரங்களை வரிசையாகப் பாறையில் செதுக்கி வெச்சிருக்காங்க. அதற்கு மேலே மலை முகட்டில் 63 நாயன்மார்கள் சிற்பம். இன்னொரு ஞாயிறு திருமயம் கோட்டை பக்கம் போங்க, இல்லாட்டி நார்த்தாமலை. அங்கே விஜயாலய சோழீஸ்வரம் இருக்கு. கருவறை வட்டமா இருக்கும், அதைச் சுற்றி சதுரச் சுவர். பொன்னியின் செல்வன் பிரியர்கள் கொடும்பாளூர் வரைக்கும் மிதிக்கலாம், வானதியோட ஊர். மூவர் கோயிலில் இப்போ ரெண்டு தான் நிக்குது, மூணாவதுக்கு அடித்தளம் மட்டும்.

சரி, டாக்டரா கொஞ்சம்.

வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உடற்பயிற்சி வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நான் சொன்ன ரூட்டை ஒரு தடவை சுத்தினாலே அந்தக் கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சுடும். ஏத்தத்துல இதயத்துடிப்பு ஏறும், இறக்கத்துல இறங்கும். ஜிம்ல காசு கொடுத்து வாங்குற இன்டர்வல் ட்ரெய்னிங்கை இந்த மண் இலவசமா தருது. பக்கத்துல வர்றவரோட பேச முடியணும், ஆனா பாட்டுப் பாட முடியக்கூடாது. அது தான் சரியான வேகம். உடம்பு எடையை சீட் தாங்குவதால் முட்டி வலிக்காரர்களுக்கு நடப்பதை விட இது சுலபம். ஆனா சீட் உயரம் சரியா இருக்கணும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வெச்சா கால் நேரா நீளணும். நம்ம ஆளுங்க முக்கால்வாசிப் பேர் சீட்டை ரொம்ப இறக்கி வெச்சு முட்டியைக் கெடுத்துக்குறாங்க.

இன்சுலின், கிளிமிபிரைடு எடுக்கிறவங்க வெறும் வயித்துல நீண்ட தூரம் போகாதீங்க. சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, ரோட்டிலேயே விழலாம். பாக்கெட்ல நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சை அழுத்துற மாதிரி இருந்தா அந்த இடத்திலேயே நிறுத்துங்க, "கேஸ் தான்"னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. 40 வயசு தாண்டி இப்போ தான் தொடங்குறவங்க முதல்ல ஒரு தடவை டாக்டரைப் பாருங்க.

என் ஹெச்பிஏ1சி இப்போ 5.6. நேர்மையா சொன்னா, ராத்திரி பரோட்டாவை விட்டதுக்கும் அதுல பங்கு இருக்கு.

இனி நான் எழுத வந்த விஷயம்.

போன வருஷம் ஒரு நாள் அந்தி நேரம். கேஷுவாலிட்டிக்கு ஒரு பெரியவரைத் தூக்கிட்டு வந்தாங்க. வயல் வேலை முடிஞ்சு சைக்கிளில் வீட்டுக்குப் போனவர். பின்னால் வந்த கார் இடிச்சிட்டு நிக்காமப் போயிடுச்சு. முழங்காலுக்குக் கீழே ரெண்டு எலும்பும் முறிவு. ஸ்பிளின்ட் கட்டிக்கிட்டே இருக்கேன், "சைக்கிள் என்னாச்சு தம்பி?"ன்னு கேட்கிறார்.

எனக்கு அப்போ எரிச்சல் தான் வந்தது. கால் போச்சு, சைக்கிளைக் கேட்கிறாரேன்னு.

ஏழெட்டு மாசம் கழிச்சு ஓபிக்கு வந்தார். கால் கூடிடுச்சு, ஆனா நொண்டல். பிபி 180க்கு 100. மாத்திரை வாங்க ரெண்டு மாசமா வரவே இல்லை. ஏன்னு கேட்டா, அவர் ஊருக்கு பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. முன்னாடி சைக்கிளில் வந்து மாத்திரை வாங்கிட்டுப் போவார். இப்போ சைக்கிளும் இல்லை, மிதிக்கிற காலும் இல்லை. அன்னைக்கு அவர் கேட்ட கேள்வி எவ்வளவு சரியான கேள்வின்னு அப்போ தான் எனக்கு உறைச்சது.

இன்னொன்று. 1991ல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கத்துக் கொடுத்தது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். குவாரியில் கல் உடைத்தவர்கள், களை பறித்தவர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் சைக்கிளில் ஏறினாங்க. பத்திரிகையாளர் சாய்நாத் எழுதி உலகமே படிச்ச கதை அது. அந்தப் பெண்கள் இப்போ 55, 60 வயசுல சுகர் மாத்திரைக்கு என் முன்னாடி வந்து உட்கார்றாங்க. ஒரு அம்மாகிட்ட, "அப்போ ஓட்டினீங்களே, இப்போ ஓட்டலாமே?"ன்னு கேட்டேன். "நான் ரெடி சார். வர்றவன் போறவன் அடிச்சுப் போட்டுருவானே"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்லை.

அதனால் சைக்கிள்னா ஹெல்மெட் மாட்டின ஞாயிற்றுக்கிழமைக்காரங்க விஷயம், நகரத்துல பச்சை பெயின்ட் அடிச்ச ட்ராக் என்று மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் வாரம் ஒரு நாள் ஆசைக்கு ஓட்டுற ரோட்டில் தினமும் பிழைப்புக்கு ஓட்டுறவங்க இருக்காங்க. முதல் உரிமை அவங்களுக்கு.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். பழைய தார் மேல புதுத் தார் போட்டுப் போட்டு ரோட்டு விளிம்பு அரை அடி உயர்ந்து நிக்குது. பின்னால லாரி ஹார்ன் அடிச்சா சைக்கிள்காரர் இறங்க முடியாது, இறங்கினா விழணும். அந்த ஓரத்தில் கிராவல் கொட்டி சமன் பண்ணணும். ரோட்டுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற சீமைக் கருவேலத்தை வெட்டணும். அது தான் ஆளை நடு ரோட்டுக்குத் தள்ளுது, டயரையும் பஞ்சர் ஆக்குது. பின் மட்கார்டுல சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர், சில பத்து ரூபாய் தான்.

ஸ்டிக்கரை நாமே ஒட்டலாம். நான் ஒரு ரோல் வாங்கி ஓபி மேஜை டிராயர்ல வெச்சிருக்கேன். சைக்கிளில் வர்றவங்களுக்கு நானோ எங்க வார்டு பாயோ ஒட்டி விடுறோம். மத்த ரெண்டையும் உங்க ஊர் கிராம சபையில் தீர்மானமாக் கொண்டு வாங்க. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26, மே 1 எல்லாம் கூட்டம் உண்டு. எங்க ஊர்ல போன தடவை நான் எழுந்து பேசினேன். "டாக்டருக்கு சைக்கிள் ஓட்ட ரோடு வேணுமாம்"னு ஒருத்தர் சிரிச்சார். அந்தப் பெரியவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவரைக் காட்டினேன். தீர்மானம் எழுதியிருக்காங்க. கருவேலம் இன்னும் வெட்டல. அடுத்த கூட்டத்துல திரும்பக் கேட்பேன்.

இந்த ஞாயிறு நார்த்தாமலை. புதுக்கோட்டை பக்கம் இருக்கிறவங்க வர்றதா இருந்தா கமென்ட்ல சொல்லுங்க. லேடீஸ் சைக்கிள், பால்கேன் மாட்டின சைக்கிள், எதுவானாலும் சரி.