பின் பிரேக்: பத்து நிமிட வேலை
கொச்சியை அடுத்த ஏலூர், பெரியாறு சூழ்ந்த தீவு. 1947-ல் உற்பத்தி தொடங்கிய ‘ஃபாக்ட்’ உரத் தொழிற்சாலை இங்குதான் இருக்கிறது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் சைக்கிள்களுக்குச் சோதனைக் காலம். முதலில் காலை வாருவது பின் பிரேக். அதன் வயர் நீளம். உறைக்குள் ஈரம் புகுந்தால் துரு. ‘முன் பிரேக் இருக்கிறதே’ என்று மவுன்டன் பைக்கில் கிளம்புவது ஆபத்து. ஈரச் சாலையில் அதை மட்டும் அழுத்திப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும்.

வி-பிரேக் வகையை வீட்டிலேயே சரிசெய்ய 5 மி.மீ. ஆலன் சாவி தேவை. முதலில் பிரேக் கட்டைகளைப் பாருங்கள். பள்ளங்கள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றுவதே வழி. கட்டை ரிம்மில் மட்டுமே பட வேண்டும். டயரில் உரசினால் டயர் கிழியும். அடுத்து, லீவரில் வயர் நுழையும் இடத்திலுள்ள திருகை வெளிப்பக்கமாகத் திருகினால் வயர் இறுகும். போதாவிட்டால் அதை உள்ளே திருகிவிட்டு, பின் சக்கரத்தருகே வயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, வயரை இழுத்து முடுக்குங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே இருபுறமும் சுமார் 2 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் உரசினால், அந்தப் பக்கத்து ஸ்பிரிங் திருகைச் சற்றே முடுக்கினால் விலகும்.

துருவேறிய வயரை எவ்வளவு இழுத்தாலும் பயனில்லை. புதிதாக மாற்றிவிடுவது நல்லது. கடைசியாக லீவரைப் பத்து முறை பலமாகப் பிடித்துப் பாருங்கள். அது ஹேண்டில்பாரைத் தொட்டால், சைக்கிள் இன்னும் சாலைக்குத் தயாரில்லை.