திரும்பி வரும் வழி

1987-இல் கோடாக் நிறுவனம் பிலிமோடு சேர்த்தே விற்கும் மலிவுக் காமிரா ஒன்றைக் கொண்டுவந்தது. படம் எடுத்து முடிந்ததும் காமிராவை அப்படியே கலர் லேபில் கொடுத்துவிட வேண்டும். அங்கே உறையை உடைத்துப் பிலிமை எடுப்பார்கள். உறை குப்பைக்குப் போகும். ஒரே தடவைக்கு ஒரு காமிராவா என்று அமெரிக்காவில் கண்டனம் எழுந்தது. 1990-இல் கோடாக் அந்த உறைகளைத் திரும்பப் பெறத் தொடங்கியது.

அந்தத் திட்டத்தின் பலம் எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். வாங்கியவர் எவரிடமும் சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச வேண்டியிருக்கவில்லை. தன் குழந்தையின் பிறந்தநாள் படம் கைக்கு வர வேண்டுமானால் அவர் காமிராவைக் கொடுத்தே ஆக வேண்டும். லேப்காரருக்கு உறை ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம், அனுப்பும் செலவு தனி. வடிவமைப்பிலும் வேலை நடந்தது. பிரிக்க முடியாதபடி மூடியிருந்த உறை, அழுத்தினால் கழன்றுவரும் கொக்கிகளுக்கு மாறியது. பிளாஷ் சர்க்யூட்டைச் சோதித்து அடுத்த காமிராவில் பொருத்தினார்கள். பிளாஸ்டிக்கை அரைத்து மறுபடி வார்த்தார்கள்.

காலி உறைக்கு மதிப்பு வந்ததும் அதற்குப் போட்டியும் வந்தது. லேப்களிடம் உறைகளை வாங்கி, புதுப் பிலிம் போட்டு விற்கச் சிலர் கிளம்பினார்கள். இதே வகைக் காமிராவை விற்ற ஃபியூஜி நிறுவனம் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. அமெரிக்காவில் முதலில் விற்ற காமிராவில் பிலிமை மாற்றுவது பழுதுபார்ப்புதான் என்று 2001-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நேற்றுவரை குப்பை என்று கழித்துக்கட்டிய உறைக்காக இரு தரப்பும் நீதிமன்றப் படியேறியிருந்தார்கள்.

பழைய பொருளுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பேற்க வேண்டும் என்ற மின்னணுக் கழிவு விதிகள் நம் நாட்டிலும் 2012-இல் நடைமுறைக்கு வந்தன; திருத்தி எழுதப்பட்டவை 2023 ஏப்ரலில். அவற்றின்படி, விற்ற சரக்குக்கு ஈடாகத் தயாரிப்பாளர் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கினால் போதும். கணக்கு நேராகிவிடுகிறது. ஆனால் பழைய டிவியைத் தெருவில் வந்து தூக்கிக்கொண்டு போவது காயலான் கடைக்காரர்தானே! வீட்டு வாசலுக்கே வந்து, கையில் காசும் கொடுத்து வாங்குகிற அவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. அதனால்தான் செம்புக்காக ஒயரைக் கொளுத்தும் புகை இன்னும் ஊர் ஓரங்களில் எழுகிறது. அவர் பொருளை முறையான ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, கொளுத்துகிறவர் தருவதைவிடக் கூடுதல் விலையைத் தயாரிப்பாளர் கொடுக்க வேண்டும். டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் என்று 2022-இல் நீலகிரியில் வைத்தபோது பாட்டில்கள் கடைக்குத் திரும்பத்தானே செய்தன?

வடிவமைப்பிலும் கேள்வி கேட்க வேண்டும். பிரிக்க முடியாதபடி மூடுவதைக் கோடாக் கைவிட்டது; இன்று அது செல்போனுக்குள் இருக்கிறது. பேட்டரியைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். கழற்றும்போது கிழிந்தால் தீப்பிடிக்கலாம். வாங்கியவரே கழற்றும்படி பேட்டரியைப் பொருத்த வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிக்குக் குறித்த நாள் 2027 பிப்ரவரி. அந்த விதி இங்கும் வேண்டும். பிரிக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவரின் விரல்கள் அதற்காகத்தான் காத்திருக்கின்றன.