பிள்ளை முதலில் நம்மிடம் சொல்லட்டும்



கோவை மாவட்டத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இப்போது கல்லூரியில் படிக்கும் முன்னாள் மாணவர்கள் என்று சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். பிள்ளைகள் கையிலிருக்கும் செல்போனைப் பிடுங்கச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று கடன் வாங்கியாவது நாமே வாங்கித் தந்த போன் அது. வீட்டுப்பாடம் இன்றைக்கும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது. நாங்கள் கேட்பது வேறு. இன்ஸ்டாகிராமிலோ ஸ்னாப்சாட்டிலோ ஒரு பிள்ளைக்கு ஆபத்து வந்தால், அந்தப் பிள்ளை முதலில் ஓடிவந்து சொல்லும் இடமாக நம் வீடு இருக்க வேண்டும். இப்போது பல வீடுகள் அப்படி இல்லை.

ஆபத்து எப்படி வருகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஃபாலோ ரிக்வெஸ்ட் வரும். டிபியில் நம் பிள்ளை வயதுடைய முகம். மியூச்சுவல் நண்பர்கள் என்று பத்துப் பதினைந்து பேர். நம் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்பதால் சந்தேகம் வராது. சில நாட்கள் ரீல்ஸ், கிரிக்கெட், பரீட்சை என்று பேச்சு ஓடும். பிறகு ரிக்வெஸ்ட் அனுப்பியவன் “டெலிகிராமுக்கு வா” என்பான். ஒரு படம் கேட்பான். “ஒரு தடவை பார்த்ததும் அழிந்துவிடும்” என்பான். பிள்ளையும் நம்பி அனுப்பும். ஒருமுறை மட்டும் திறக்கும் படத்தை இன்னொரு போனால் படமெடுக்க முடியும் என்பது அந்த வயதில் தோன்றாது. அடுத்து வருவது பிள்ளையின் ஃபாலோயர்ஸ் பட்டியலின் ஸ்க்ரீன்ஷாட். அதில் அண்ணன், சித்தப்பா, டியூஷன் மிஸ் எல்லோரும் இருப்பார்கள். “இவங்க எல்லாருக்கும் அனுப்பட்டுமா?” முதலில் 500 ரூபாய் கேட்பான், அப்பா போனிலிருந்து ஜிபே போகும். மறுநாள் 2,000. சில நேரம் பணம் கேட்காமல், இன்னொரு படமும் இன்னும் மோசமானவையும் கேட்பான். பையன்களுக்கும் இது நடக்கிறது. பெண் பெயரில் பேசுகிறவர்களிடம் அவர்கள் சிக்குகிறார்கள், வெளியே சொல்ல இன்னும் கூசுகிறார்கள். படமே அனுப்பாத பிள்ளைக்கும் இன்று இது நடக்கலாம். டிபியில் இருக்கும் சாதாரண முகத்தை எடுத்து ஏஐ செயலிகளில் ஆபாசப் படமாக்கிவிடுகிறார்கள்.

இத்தனையையும் பிள்ளை தனியாகத் தாங்குவதற்குக் காரணம் என்ன? வீட்டில் சொன்னால் அடி விழும், போன் போகும், பெண் பிள்ளையென்றால் படிப்பே நிற்கும் என்ற பயம். மிரட்டுகிறவன் நம்பியிருப்பது அந்தப் பயத்தைத்தான்.

நம் மாவட்டத்துக்கு இதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பொள்ளாச்சியில் பெண்களிடம் சமூக ஊடகம் வழியாகப் பழகி, வன்கொடுமை செய்து, வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலின் விவகாரம் 2019 பிப்ரவரியில் வெளியே வந்தது, ஒரு மாணவியின் குடும்பம் அவர் பக்கம் நின்று புகார் கொடுத்ததால்தான். அதற்கு முன் பாதிக்கப்பட்டவர்கள் வாய் திறக்க முடியாமல் இருந்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. வழக்கின் தொடக்கத்தில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அதிகாரிகள் தரப்பிலிருந்தே வெளியானதையும் நாம் மறக்கவில்லை. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

சேலம் மாவட்டத்தில் 2016-ல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஓர் இளம்பெண்ணின் படத்தை மார்பிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்டார்கள். புகார் கொடுத்தும் படம் உடனே நீங்கவில்லை. தன்னை யாரும் நம்பவில்லை என்ற வேதனையிலேயே அந்தப் பெண் உயிரை விட்டார். அவர் செய்த தவறு எதுவுமில்லை.

ஸ்டேஷனுக்குப் போனால் மானம் போய்விடும் என்று தயங்குகிறவர்களுக்கு: 18 வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். உண்மைப் படமோ போலிப் படமோ, அதை வெளியிடுவேன் என்று மிரட்டுவதே அந்தச் சட்டப்படி குற்றம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். போலீஸ் சீருடையில் வரக்கூடாது. கூடியவரை பெண் அதிகாரிதான் வர வேண்டும். பெயரையோ பள்ளியையோ வெளியிடுவதும் குற்றம். இவையெல்லாம் சட்டம் தந்த உரிமைகள். கேட்டுப் பெறுங்கள், மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமோ மாநகர ஆணையரிடமோ போங்கள்.

பதற்றத்தில் நாம் செய்யும் இரண்டு காரியங்கள் மிரட்டுகிறவனுக்கே உதவுகின்றன. ஒன்று, பணம் கொடுப்பது. கொடுத்தால் விடமாட்டான், இந்த வீட்டில் பணம் வரும் என்று தெரிந்துகொள்வான். இன்னொன்று, கோபத்தில் சாட்டையும் அக்கவுண்டையும் அழிப்பது. அழித்துவிட்டால் போலீசிடம் காட்ட எதுவும் இருக்காது. மிரட்டல் மெசேஜ்களை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அக்கவுண்டின் பெயரை மட்டும் குறித்தால் போதாது, அதை அவன் மாற்றிவிடலாம். புரொஃபைல் லிங்கையும் சேர்த்து எழுதிவையுங்கள். பணம் போயிருந்தால் பரிவர்த்தனை எண்ணையும் குறித்துக்கொண்டு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்; சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. இவற்றைச் சேமித்த பிறகு பிளாக் செய்யலாம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், குழந்தைகளின் ஆபாசப் படம் பற்றிய புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். படம் பரவாமல் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. படத்தை அதற்கு அனுப்ப வேண்டியதில்லை. பிள்ளையின் போனிலேயே படத்துக்கு ஒரு ரகசிய எண் உருவாகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இனி பிள்ளைகளோடு.

தம்பி, தங்கைகளே, உங்கள் அக்கவுண்டைப் பிரைவேட்டில் வையுங்கள், நேரில் தெரியாதவரை ஃபாலோயராகச் சேர்க்காதீர்கள், பள்ளி பேட்ஜோடு இருக்கும் படத்தை லொகேஷனோடு போடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது உங்கள் கையில் வந்து சேரும் அடுத்தவர் படத்தைப் பற்றி. பள்ளியின் பெயரில் யாரோ ‘கன்ஃபெஷன் பேஜ்’ ஆரம்பிக்கிறார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயரோடு அசிங்கமாக ஒரு வரி வருகிறது. சிரிக்கிற இமோஜி போட்டு க்ளாஸ் குரூப்புக்கு அனுப்புகிறவர்கள் அதை விளையாட்டாக நினைக்கிறார்கள். அந்தப் பெண் மறுநாள் வகுப்புக்கு எப்படி வருவாள்? ஒரு படம் ஊர் முழுக்கப் போவது முதலில் போட்டவன் ஒருவனால் மட்டுமல்ல, அனுப்பிய ஒவ்வொருவராலும்தான். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பகிர்ந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அத்தகைய படத்தைப் போனில் வைத்துப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்ததை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்துவிட்டது. அனுப்பியவருக்கு 18 வயது ஆகவில்லை என்றால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு படமோ பதிவோ உங்களுக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அங்கேயே ரிப்போர்ட் செய்யுங்கள். அதில் இருக்கும் தோழியிடமோ தோழனிடமோ “நான் உன் பக்கம்” என்று சொல்லுங்கள். நம்பும் ஆசிரியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். படம் வெளியான பெண்ணுக்கு டி.சி. கொடுத்துப் பள்ளியின் பெயரைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தெரிந்தும் புகார் செய்யாமலிருப்பது போக்சோ சட்டப்படி நீங்கள் செய்யும் குற்றமாகும்.

இந்த எண்களை எழுதி வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்: சைபர் குற்றம் 1930, குழந்தைகள் உதவி 1098, பள்ளிக் கல்வித் துறை 14417, மனம் உடைந்திருக்கும் நேரத்தில் பேச 14416.

பெற்றோரே, எண்களை ஒட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆபத்து வந்த பிறகு பேசுவதற்குப் பதில், இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் உங்கள் பிள்ளையை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள்: “உன் போட்டோவை வைத்து யாராவது மிரட்டினால், நீ என்ன செய்திருந்தாலும் சரி, முதலில் எங்களிடம் வந்து சொல். அடிக்கமாட்டோம். படிப்பை நிறுத்தமாட்டோம். சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.” சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.