பெரியப்பா கழற்றி வைத்த வாட்ச்

கோட்டுச்சேரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் மண்டபத்தூர். காரைக்கால் மாவட்டத்தின் வடகோடியில், தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவ கிராமம். நாலைந்து வருஷமாகக் கடைக்குப் புதுவகை ரிப்பேர் ஒன்று வருகிறது. வயதானவர்களின் ஸ்மார்ட் வாட்ச். சிங்கப்பூரிலோ துபாயிலோ பிரான்சிலோ இருக்கிற பிள்ளை அனுப்பியது. "ஓடல தம்பி, என்னன்னு பாரு" என்று மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைப்பார்கள். சார்ஜ் போட்டால் ஓடும். ரிப்பேர் வாட்சில் இல்லை என்பது எனக்குப் புரிந்தது என் பெரியப்பாவால்தான்.

அவருக்கு 72 வயது. சர்க்கரை, பிரஷர், அவ்வப்போது படபடப்பு. சிங்கப்பூரில் வெல்டராக இருக்கிற அவர் மகன் போன பொங்கலுக்கு வந்தபோது கையில் ஒரு வாட்சைக் கட்டிவிட்டுப் போனான். மூன்றாவது வாரம் அது சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் கிடந்தது. ஏன் பெரியப்பா என்று கேட்டேன்.

"வலை கோக்க உக்காந்தா நாலு மணி நேரம் எந்திரிக்க மாட்டேன். உனக்குத் தெரியுமே. இது மணிக்கு ஒருதரம் கையைச் சுரண்டி எந்திரி எந்திரிங்குது. ராத்திரி அவன் போன் பண்ணி, ஏம்பா இன்னைக்கு நடக்கவே இல்லங்கிறான். அறுபது வருசம் கடலுக்குப் போனேன், எனக்கு எவனும் மேஸ்திரி கிடையாது. இப்ப கையில ஒரு மேஸ்திரியைக் கட்டி விட்டுட்டான்."

வயசானவங்களுக்கு டெக்னாலஜி வராது என்று பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலாம் வகுப்போடு நின்ற இதே பெரியப்பா, ஃபைபர் படகில் ஜி.பி.எஸ். வந்தபோது ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். மெனு முழுக்க ஆங்கிலம். எந்தப் பட்டன் எதற்கு என்பதை விரல் மனப்பாடம் செய்துகொண்டது. மீன் பட்ட இடத்தை எண்ணாகக் குறித்து வைத்து அடுத்த மாதம் அதே இடத்தில் வலை விட்டார். இலங்கை எல்லைக்கோடு எவ்வளவு தூரம் என்பதும் அதில்தான் தெரிந்தது. அவர் கேட்ட கேள்விக்கு அந்தக் கருவி பதில் சொன்னது. கையில் கட்டிய வாட்சோ அவர் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறது.

வாட்ச் தினமும் இலக்காக வைக்கிற பத்தாயிரம் அடி கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அது டாக்டர் சொன்ன அளவு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மீட்டர் என்று பொருள். வியாபாரத்துக்கு வைத்த பெயர் உலகத்துக்கே இலக்கு ஆகிவிட்டது. சராசரி வயது 72 உள்ள சுமார் 17,000 அமெரிக்கப் பெண்களை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடியோடு நின்றவர்களைவிட இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பெரியப்பாவின் வாட்சோ ஆறாயிரம் அடி நடந்த கிழவரைத் தினமும் ஃபெயில் ஆக்கிக்கொண்டிருந்தது. யார்தான் கட்டிக்கொள்வார்கள்?

நான் முதலில் செய்த வேலை, எல்லா அறிவிப்பையும் அணைத்தது. எழுந்திரு, மூச்சு விடு, தண்ணீர் குடி, ஒன்றும் வேண்டாம். இலக்கை 4,500-க்கு இறக்கினேன். திரையில் மணியும் நாடித்துடிப்பும் மட்டும், கண்ணாடி போடாமல் தெரிகிற அளவு பெரிதாக. வலை இழுத்து இழுத்து அவர் விரல் நுனி காய்த்துப் போயிருக்கிறது. தொடுதிரைக்கு அந்த விரல் பட்டதே தெரியாது. ஆகவே பக்கத்து பட்டனை ஒரு தரம் அழுத்தினால் போதும் என்று மாற்றினேன்.

அப்புறம் கட்டும் விதம். எங்கள் ஆட்கள் ஸ்டீல் செயின் வாட்சை வளையல் மாதிரி தொங்கவிட்டுப் பழகியவர்கள். இதன் அடியில் இருக்கிற பச்சை விளக்கு தோலுக்குள் போய், ரத்தம் ஓடும்போது எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்று பார்த்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. தொங்கினால் கணக்கு தப்பும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே, ஒட்டினாற்போல் கட்டவேண்டும். உப்புக்காற்றில் சார்ஜ் போடும் பின் பச்சை பூத்துவிடும். வாரம் ஒரு முறை துடைக்கவேண்டும். அவர் குளித்துச் சாப்பிட்டு முடிக்கிற ஒரு மணி நேரம்தான் சார்ஜ் நேரம். தனியாக நேரம் வைத்தால் மறந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆயிரம் ரூபாய் வாட்சில் சர்க்கரை அளவு காட்டுகிறது என்று வாங்கி வருகிறார்கள். அப்படி ஒன்று கடைக்கு வந்தபோது அதை ஒரு வாழைக்காயில் கட்டி அவர்கள் கண்முன்னே வைத்தேன். வாழைக்காய்க்கு நாடித்துடிப்பு காட்டியது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்சையும் மோதிரத்தையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் உயிருக்கு ஆபத்து. மேல்கையில் ஒட்டி 14 நாள் வைத்துக்கொள்ளும் சென்சார் வேறு சங்கதி. அது தோலுக்கடியில் மெல்லிய இழையை விட்டு அளக்கிறது, விலையும் அதற்கேற்ப. அதையும் டாக்டர் சொன்னால்தான் ஒட்டவேண்டும்.

இவ்வளவு செய்தும் பெரியப்பா அரை மனதாகத்தான் கட்டினார். மாற்றியது ஒரு காலண்டர். தினமும் காலையில் எழுந்ததும் வாட்சில் தெரியும் துடிப்பைத் தேதி கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னேன். அதற்கு முன்பு ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரியில் வாட்ச் எண்கள் பதிந்த செல்போனை நான் நீட்டியபோது, இதையெல்லாம் பார்க்க நேரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்தால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. காலண்டரில் எழுதத் தொடங்கிய அடுத்த மாதம் வேறொரு டாக்டர் அந்த முப்பது தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இந்த மூணு நாள் மட்டும் ஏன் நூத்துக்கு மேல இருக்கு?" என்று கேட்டார். பெரியப்பா முகத்தைப் பார்க்கவேண்டும். "மாத்திர தீந்து போச்சு சார்" என்றார். அன்றிலிருந்து வாட்ச் கையை விட்டு இறங்கவில்லை. கணக்குக் கேட்க ஆள் இருந்தால் கணக்கு எழுதுவார்கள். படகில் பங்கு பிரித்த மனிதருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

என் கட்சி இவ்வளவுதான். இன்னும் விலை கூடிய வாட்ச் வேண்டாம். கட்டியிருக்கிற வாட்சைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, காரைக்கால் அடங்கிய புதுச்சேரியில் 20 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை இருந்தது. கோவாவுக்கு அடுத்த இடம். எங்களைச் சுற்றிலும் தமிழ்நாடு. அங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலில் பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறது. அது தமிழ்நாட்டுத் திட்டம். நாங்கள் யூனியன் பிரதேசம். புதுச்சேரி சுகாதாரத் துறை புதிதாக எதுவும் வாங்கவேண்டாம். கிராமத்துக்கு வரும் செவிலியர், பிரஷர் பார்க்கும்போது பெரியவர் கையில் வாட்ச் இருந்தால் அந்த எண்ணையும் நோட்டில் எழுதட்டும். திருவேட்டக்குடியில் எங்கள் பக்கத்திலேயே என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கிராமங்களுக்கு வந்து உட்கார்ந்தால், தூங்கிக்கிடக்கிற வாட்ச் எத்தனையோ எழுந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கிற தம்பிகளுக்கும் ஒன்று. ஆப்பில் அப்பாவின் அடிகளை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். ராத்திரி போன் பண்ணும்போது, "இன்னைக்கு என்னப்பா காட்டுது?" என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்லட்டும். சார்ஜ் இறங்கிப்போனால் என்னிடம் அனுப்புங்கள். பெரியவர்கள் வாட்சுக்கு நான் காசு வாங்குவதில்லை.