வெளிநாட்டுல பேசினா 7 மார்க், திருப்பத்தூர்ல பேசினா 2 மார்க்!



"வாத்தியார்களுக்கு வேலையை அளந்து பார்த்தாலே பயம், அதான் கத்துறாங்க." 2025 ஜனவரி 6 அன்று யுஜிசி புது வரைவு விதிகளை வெளியிட்டதிலேர்ந்து ஒரு கூட்டம் இதே பல்லவியைப் பாடிச்சு.

சரி, இதுவரைக்கும் எப்படி அளந்தாங்க? 2018 யுஜிசி விதிமுறையை எடுத்துப் பாருங்க. அழைப்பின் பேரில் வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேசினால் 7 மார்க். அதே பேச்சை மாநில அளவில் பேசினால் 2. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு கலைப்பாடம்னா 10, அறிவியல், பொறியியல்னா 8. பாடம் நடத்தினதுக்கு? ஒதுக்கின வகுப்புல 80 சதவீதம் எடுத்திருந்தா 'நன்று'. பசங்களுக்குப் புரிஞ்சுதான்னு கேட்க அந்த அட்டவணையில ஒரு கட்டம்கூட கிடையாது.

புதூர்நாட்டு மலையிலேர்ந்து பஸ் பிடிச்சு இறங்கி வர்ற பொண்ணு, வீட்டுல முதல் பட்டதாரி. தமிழ் வழியில படிச்சுட்டு வந்து, முதல் செமஸ்டர்ல இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து முழிக்குது. சாயங்காலம் அரை மணி நேரம் உட்கார வெச்சு சொல்லிக் கொடுக்கிற மேடத்துக்கு எத்தனை மார்க்? பூஜ்யம். காசு கட்டி ஏதோ ஒரு இதழ்ல கட்டுரை போட்டவருக்கு மார்க் உண்டு. இந்த லட்சணத்தாலதான் 2018 மே மாசம் யுஜிசியே தன்னோட பட்டியல்லேர்ந்து 4,305 இதழ்களைத் தூக்கி எறிஞ்சது.

நான் படிச்சது இன்ஜினியரிங். இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் முகம் காட்டின வாத்தியார்களை நேர்ல பார்த்தவன். 224 பொறியியல் கல்லூரிகள்ல 353 பேர் ஒரே நேரத்துல பல கல்லூரிக் கணக்குல இருந்ததை 2024 ஜூலையில அறப்போர் இயக்கம் வெளியே கொண்டு வந்துச்சு. அளக்கிறவங்க அதுவரைக்கும் எதை அளந்தாங்களோ!

இப்போ புது வரைவு. மார்க் பட்டியலை எடுத்துட்டாங்க, நல்லதுதானேன்னு தோணும். பதிலுக்கு ஸ்டார்ட்அப், ஆன்லைன் பாடம், இந்திய அறிவு மரபுன்னு 9 தலைப்பு. அதுல நாலுலயாவது சாதிச்சிருக்கணும். சாதிச்சாரான்னு முடிவு பண்றது தேர்வுக்குழு. பல்கலைக்கழகத்துல அதுக்குத் தலைவர் துணைவேந்தர். அந்தத் துணைவேந்தரைத் தேடுற குழுவை அமைக்கிறது வேந்தர், அதாவது நம்ம ஆளுநர். மாநில அரசுக்கு அதுல ஒரு நாற்காலிகூட இல்ல. முன்னாடி கோணல் கோல், இப்போ கோலே இல்லாம அவங்க கண் பார்வை!

9-ம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது சரி. ஆனா அன்னிக்கு ஆட்சியில இருந்தவங்களுக்கும் ஒரு கேள்வி. கௌரவ விரிவுரையாளருக்கு மாசம் 50,000 ரூபாய் வரை தரலாம்னு 2019-லயே யுஜிசி சொல்லிடுச்சு. 2025 ஜனவரியில நீங்க தந்தது 25,000. பத்து வருஷம் பாடம் எடுத்தாலும் பதவி உயர்வு கிடையாது. 'கௌரவ'மாம்!

நம்ம ஆலங்காயத்துக்காரங்களுக்குக் காவலூர் தெரியும். அங்க 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்ததும் ஒரு ஜனவரி 6-தான், 1986-ல. அதுக்காக வருஷக்கணக்கா உழைச்ச வைணு பாப்பு 1982-லயே போய்ச் சேர்ந்துட்டார். அவர் கல்லூரி வாத்தியார் இல்ல, தெரியும். ஆனா அந்தக் கண்ணாடியைத் தேய்ச்சுக்கிட்டிருந்த வருஷங்களுக்கு இவங்க எத்தனை மார்க் போட்டிருப்பாங்க?

ஆசிரியர்கள் அளக்காதேன்னு சொல்லல. வகுப்புல உட்கார்ந்து பாரு, மாணவனைக் கேளு, கூட வேலை செய்யறவங்களைக் கேளுன்னுதான் சொல்றாங்க.

கருத்து அனுப்ப யுஜிசி முதல்ல வெச்ச கெடு 2025 பிப்ரவரி 5. உங்களை உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்த வாத்தியாரை நினைச்சு நாலு வரி எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க.

#கோலை_மாத்து